புறநகரின் உரிமைகள் – 14: வேலி கேட்டது யார்?

பல்லாவரமும் குரோம்பேட்டையும் தோல் ஆலைக் கழிவுக்குக் கிணறுகளைப் பறிகொடுத்த கதை, 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு சென்ற வாரம் முடிந்தது. தொடர்ந்து படிப்பவர்களுக்கு அதற்கு மேல் நினைவூட்ட வேண்டியதில்லை. குரோம்பேட்டையை விட்டால் மின்சார ரயில் அடுத்து நிற்பது தாம்பரம் சானடோரியத்தில். நாமும் அங்கேயே இறங்குவோம்.

எச்.ஐ.வி. சட்டத்தில் வரும் குறைதீர்ப்பாளரைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அவரிடம் போவதற்கு முன், ஒரு நிலையத்துக்கே பெயர் கொடுத்த அந்த ஆஸ்பத்திரி இங்கே எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்குள் ஒரு கப்பல் பயணம் இருக்கிறது. ஒரு வாரமாக அந்தக் கப்பல் என்னை விடவில்லை.

1914 மார்ச் 17. சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘நெவாசா’ என்ற கப்பல் இங்கிலாந்துக்குக் கிளம்புகிறது. அதில் இருபத்தாறு வயது சீனிவாச ராமானுஜன். குடுமியை எடுத்துவிட்டு, பழக்கமில்லாத கோட்டும் ஷூவும் மாட்டிக்கொண்டு கேம்பிரிட்ஜுக்குப் போகிறார். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே கப்பலில் இன்னொரு தமிழரும் இருந்தார் என்பதுதான் எனக்குக் கிடைத்த புதையல். அவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து, காசநோய் நிபுணர். இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியில், வெல்ஸ் நகருக்குப் பக்கத்து மெண்டிப் மலைச்சரிவில் சொந்தமாக சானடோரியம் நடத்திக்கொண்டிருந்தவர். வெள்ளைக்காரனின் ஆட்சி இங்கே கொடிகட்டிப் பறந்த நாளில், வெள்ளைக்காரனின் நாட்டிலேயே ஒரு தமிழர் காசநோய் மருத்துவமனை வைத்து நடத்தியிருக்கிறார். பள்ளிப் பாடத்தில் ஒரு பத்திக்குக்கூடவா இவருக்கு இடமில்லாமல் போயிற்று?

மூன்று ஆண்டுகள் கழித்து, 1917-ல், ராமானுஜன் படுத்துவிட்டார். போர்க்காலம், சைவச் சாப்பாடு கிடைப்பதே பாடு. காசநோயாக இருக்கும் என்று சந்தேகப்பட்ட டாக்டர்கள் அவரை அனுப்பிவைத்த இடங்களில் ஒன்று, கப்பலில் பழக்கமான அதே சவுரிமுத்துவின் மெண்டிப் மலை சானடோரியம். அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு, இவைதான் சிகிச்சை. பனிக்காலத்திலும் ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டும். கும்பகோணத்துக்காரர் அதைத் தாங்குவாரா? அங்கே நெடுநாள் இருக்கவில்லை; மேட்லக் என்ற வேறொரு சானடோரியத்துக்குப் போய்விட்டார். 1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் ஒரு வீட்டில் உயிர் பிரிந்தது. அவருக்கு வந்தது காசநோயே அல்ல, ஈரலைத் தாக்கிய அமீபாத் தொற்றாக இருக்கலாம் என்று 1994-ல் டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து எழுதினார்.

சேத்துப்பட்டு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி அங்கே வருவோம்.

சவுரிமுத்து பிறகு தாயகம் வந்து, மெண்டிப் மலை மாதிரியிலேயே ஒரு சானடோரியத்தைத் தாம்பரத்தில் கட்டினார். ஆண்டு 1928. தொடக்கத்தில் 12 படுக்கைகள். ஏன் தாம்பரம்? அன்றைக்கு அது ஊருக்கு வெளியே, மரமும் வெட்டவெளியும்தான். நோயாளியை வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் பிரித்து, காற்றோட்டமான இடத்தில் கிடத்திவைப்பதே சானடோரியத்தின் தத்துவம். 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டுதான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியும் நகரத்துக்குள்ளிருந்து தாம்பரம் காட்டுக்குக் குடிபெயர்ந்தது.

சவுரிமுத்துவின் எண்ணத்தில் குறை காண மாட்டேன். மருந்தில்லாத காலத்தில் அதுதான் தெரிந்த வழி. ஆனால் அந்த வழி யாருக்குக் கிடைத்தது? காசநோய் அதிகமாகப் பிடித்தது குடிசையில் எட்டுப் பேராகப் படுத்துறங்கியவர்களை. படுக்கைகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. இடம் கிடைக்காதவர்கள் வீட்டுத் திண்ணையில் இருமி இருமிச் செத்தார்கள். வீட்டாருக்கு அவர்களைத் தொடவும் பயம்.

இப்போது சேத்துப்பட்டு. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து அங்கே ஒரு காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையத்தைத் திறந்தன. காசநோய் என்று சந்தேகித்து சானடோரியங்களுக்கு அனுப்பப்பட்ட ராமானுஜன் கண்மூடிய அதே பகுதியில், முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு. (இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று போர்டு இருப்பது அங்கேதான்.) வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் முன்னின்று நடத்தினார். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. மருந்து வந்துவிட்டது, இனிமேலும் நோயாளியை வீட்டைவிட்டுப் பிரிக்கத்தான் வேண்டுமா?

சென்னையின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்குப் போனது. அங்கே ஓய்வு, நல்ல சாப்பாடு, நர்ஸ் கவனிப்பு. மற்றப் பிரிவு தன் குடிசையிலேயே இருந்தது. அதே நெரிசல், அதே அரைவயிறு. முடிந்தவர்கள் வேலைக்கும் போனார்கள். இருவருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்ற ஒரே மாத்திரைகள், ஓராண்டுக்கு. முடிவு 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியானது. வீட்டிலிருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். அதைவிட முக்கியம், வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்ததால் மனைவிக்கும் பிள்ளைக்கும் கூடுதலாக நோய் தொற்றிவிடவில்லை. மருந்து தொடங்குவதற்கு முன்னால் தொற்றியது தொற்றியதுதான். மருந்து தொடங்கிய பிறகு பிரித்துவைப்பதில் லாபமில்லை.

உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று இந்தச் ‘சென்னை ஆய்வு’. சுவிட்சர்லாந்து மலைகளில் பணக்காரர்கள் படுத்திருந்த வராந்தாக்கள் காலியானதற்கு, சென்னைக் குடிசைகளில் மாத்திரை விழுங்கியவர்களும் காரணம். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. நான் இந்த ஆய்வை மருத்துவ ஆவணமாக மட்டும் படிக்கவில்லை. நம் ஊரில் எழுதப்பட்ட மனித உரிமை ஆவணங்களில் முதல் வரிசையில் வைக்கிறேன். நோயாளியைப் பிரித்துவைக்க வேண்டும் என்று சொல்பவர், இனி அதற்கு மருத்துவத்தைக் காரணம் காட்ட முடியாது என்று அது நிரூபித்துவிட்டது.

நிரூபித்து முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. நாம் என்ன செய்தோம் என்று பாருங்கள்.

1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன்; அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா. எய்ட்ஸ் என்பது அமெரிக்காவின் நோய், நம் நாட்டுக்கு வராது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த நேரத்தில், ஆய்வேட்டுக்காக ரத்த மாதிரி சேகரிக்கச் சொல்கிறார் பேராசிரியர். நிர்மலா போன இடம், பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்ட பெண்களை அடைத்துவைத்திருந்த மயிலாப்பூர் காப்பகம். சேகரித்த மாதிரிகளைத் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, கணவரோடு ராத்திரி ரயிலேறிக் காட்பாடி வழியாக வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காகக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறம் காட்டின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்கு முதல் சாட்சி அதுதான். அந்த மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். சாட்சி சொன்ன ரத்தத்துக்குச் சொந்தக்காரிகளோ, அது எதற்கான பரிசோதனை என்றே அறியாதவர்கள். வழக்கமான பால்வினை நோய்ப் பரிசோதனை என்று நினைத்துக் கையை நீட்டியிருந்தார்கள். நிர்மலாவின் உழைப்பு இந்தியாவுக்கு எத்தனை உயிர்களை மிச்சப்படுத்தியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பெண்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லத்தான் வேண்டும்.

அதன் பிறகு நடந்தது அநியாயம். தண்டனைக் காலம் முடிந்த பிறகும், ரத்தத்தில் கிருமி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பெண்களை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். எந்த நீதிபதி அவர்களுக்கு அந்தக் கூடுதல் தண்டனையை விதித்தார்? யாருமில்லை. பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1990-ல் விடுதலைக்கு உத்தரவு வந்தது. ‘மக்கள் நலன்’ என்று சொல்லி மக்களில் சிலரை அடைத்துவைப்பதற்குக் கணக்குக் கேட்ட அந்த வழக்கைச் சட்டக் கல்லூரிகளில் இன்னும் சத்தமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கோவாவில் இதற்கு ஓர் ஆண்டு முன்பு நடந்ததையும் சொல்லாமல் நகர முடியவில்லை. டொமினிக் டிசோசா என்ற இளைஞர் ரத்த தானம் செய்தவர். அப்படித்தான் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது அதிகாரிகளுக்குத் தெரிந்தது. 1989 பிப்ரவரியில் போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது. எச்.ஐ.வி. உள்ளவரைத் தனிமைப்படுத்த கோவாவின் பொதுச் சுகாதாரச் சட்டம் அப்போது இடம் கொடுத்தது. 64 நாட்கள் அடைத்துவைத்தார்கள். எங்கே? கைவிடப்பட்ட ஒரு காசநோய் சானடோரியத்தில். காற்றில் பரவும் காசநோய்க்கே தேவையில்லை என்று சென்னையில் 1959-ல் நிரூபிக்கப்பட்ட வேலி, காற்றிலும் பரவாத, தொட்டாலும் ஒட்டாத கிருமிக்கு 1989-ல் போடப்பட்டது. வேலி கேட்டது நம் பயம். டிசோசா வெளியே வந்து, தன்னைப் போன்றவர்களுக்காக ‘பாசிட்டிவ் பீப்பிள்’ என்ற அமைப்பைத் தொடங்கி, 1992-ல் இறந்தார்.

இங்கேதான் தாம்பரம் மறுபடி வருகிறது. எனக்கு இந்த ஊரின் மேல் பெருமை வரும் இடமும் இதுதான். ஊரைவிட்டுத் தள்ளிவைப்பதற்காகக் கட்டிய சானடோரியம், 1993-ல் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. மற்ற ஆஸ்பத்திரிகளின் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும்கூட ரயிலேறி இங்கே வந்தார்கள். அப்போது கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சி.என். தெய்வநாயகம், ஆங்கில மருந்து எட்டாத விலையில் இருந்த அந்த ஆண்டுகளில், ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் என்று சித்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். அவை கிருமியை ஒழிக்கும் என்று நிரூபணமாகவில்லை. அந்த வாதத்தில் நான் அவர் பக்கம் நிற்க மாட்டேன். ஆனால் படுக்கை கொடுத்தார், சாப்பாடு கொடுத்தார், கையைப் பிடித்து நாடி பார்த்தார். அன்றைக்கு அதைச் செய்தவர்கள் குறைவு.

மருந்து ஏன் எட்டவில்லை என்றால், மேலைநாட்டுக் கம்பெனிகளின் மருந்துக்கு ஓர் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆயிற்று. 2001-ல் சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது 350 டாலருக்குத் தருகிறேன் என்று அறிவித்தது உலகத்தையே புரட்டிப்போட்டது. 2004 ஏப்ரல் 1-ல் இந்திய அரசு ஏ.ஆர்.டி. எனும் எச்.ஐ.வி. மருந்துச் சிகிச்சையை இலவசமாக எட்டு அரசு மருத்துவமனைகளில் தொடங்கியபோது அதில் தாம்பரமும் ஒன்று.

இன்று அந்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுபவரின் ரத்தத்தில் கிருமி அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் மூலமும் அவரிடமிருந்து பரவாது. மருத்துவம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. தெரு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு ஒரே ஒருவரைச் சொல்கிறேன். கூடுவாஞ்சேரிப் பக்கத்திலிருந்து மாத்திரை வாங்க வரும் ஓர் அம்மா; ஐம்பதைத் தாண்டியவர். பெயர் வேண்டாம் என்றார். தெற்கிலிருந்து வந்தால் தாம்பரத்துக்கு அடுத்த நிலையம் சானடோரியம். இவர் அதற்கு முன்னாலேயே தாம்பரத்தில் இறங்கிவிடுவார். “ஏம்மா, ஒரு ஸ்டேஷன் தாண்டினா ஆஸ்பத்திரி வாசல்தானே?” என்று கேட்டேன். “தெருக்காரங்க ஆபீஸ் போற வண்டி தம்பி. சானடோரியத்துல எறங்கறத பாத்தா எதுக்குன்னு கேப்பாங்க இல்ல?” என்றார். தாம்பரத்தில் இறங்கி, பஸ் பிடித்து, ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டி வருகிறார். மாத்திரை டப்பாவின் மேலே ஒட்டியிருக்கும் லேபிளை வீட்டுக்குப் போவதற்குள் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, மாத்திரையைப் பெருங்காய டப்பாவில் கொட்டிச் சமையலறை மேல்தட்டில் வைக்கிறார். முன்பு குடியிருந்த வீட்டில் லேபிளோடு டப்பா கண்ணில் பட்டு, ஒரே வாரத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். அந்தச் சுரண்டிய டப்பாவைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பசை காய்ந்து வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அவரை அப்படிக் காலி செய்யச் சொல்வது இன்று சட்டம் தடைசெய்துள்ள பாகுபாடு என்பது அவருக்குத் தெரியவில்லை. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு, கட்டுப்பாடு) சட்டம் 2017 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10-ல் அமலுக்கு வந்தது. வேலை, வீட்டு வாடகை, பள்ளிச் சேர்க்கை, சிகிச்சை, காப்பீடு என்று எதிலும் எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி நியாயமில்லாமல் ஒதுக்கக் கூடாது. சம்மதம் இல்லாமல் பரிசோதனை கூடாது. மயிலாப்பூர்க் காப்பகத்தில் 1986-ல் கேட்காமல் விட்ட கேள்விக்கு, முப்பத்தொரு ஆண்டு கழித்துச் சட்டம் இடம் கொடுத்தது. ஒருவரின் நிலையை அவர் அனுமதியின்றி வெளியிடவும் கூடாது. இந்தச் சட்டம் டெல்லியில் யாரோ பெரியவர்கள் மனமிரங்கிக் கொடுத்ததல்ல. 2000-களின் தொடக்கத்திலிருந்தே எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களும் வழக்கறிஞர்களும் சேர்ந்து வரைவு எழுதி, கூட்டம் போட்டு, நாடாளுமன்ற வாசலில் நின்று வாங்கியது. அந்தக் கூட்டங்களில் சென்னையிலிருந்து போன பெண்களின் குரல் பெரிது. நாமக்கல்லிலிருந்து வந்து 1998-ல் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்றே கூட்டமைப்பைத் தொடங்கிய கௌசல்யாவை இந்தத் தொடரில் தனியாகச் சந்திக்கப்போகிறோம்.

சட்டத்தில் ஓட்டையும் உண்டு. மருந்து கொடுப்பது அரசின் கடமை என்று எழுத வந்தவர்கள், ‘இயன்றவரை’ என்றொரு சொல்லையும் நடுவில் நுழைத்துவிட்டார்கள். மசோதா வந்தபோதே போராட்டக்காரர்கள் இதை எதிர்த்தார்கள். 2022-ல் பல ஊர்களில் மருந்து தட்டுப்பாடு என்று டெல்லியில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவன அலுவலகத்தில் நோயாளிகள் ஒரு மாதத்துக்கும் மேல் உட்கார்ந்து போராடினார்கள். மருந்து விட்டுவிட்டுக் கிடைத்தால் கிருமி அதற்குப் பழகிக்கொள்ள வாய்ப்பிருக்கும் சிகிச்சையில் ‘இயன்றவரை’ என்று எழுதியது தவறு. அந்தச் சொல்லை நீக்க வேண்டும்.

சட்டம் அமலுக்கு வந்த மூன்றே மாதத்தில், 2018 டிசம்பரில், சாத்தூரில் கர்ப்பிணி ஒருவருக்கு அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. அந்தக் கொடுமையைத் தமிழ்நாடே பேசியது. ரத்தம் கொடுத்த இளைஞர் தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் கொடுத்தவர்; தெரிந்ததும் தானே முன்வந்து சொன்னவர். செய்தி பரவிய சில நாட்களில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரும் இந்தச் சட்டம் காப்பாற்றியிருக்க வேண்டிய ஆள்தான். அவரைப் பற்றி நாம் பேசியது குறைவு.

எச்.ஐ.வி.க்காவது தனிச் சட்டம் இருக்கிறது. தாம்பரத்தில் இன்றும் வரிசையில் நிற்கும் காசநோயாளிக்கு அதுவும் இல்லை. மாதம் 500 ரூபாயாக இருந்த ஊட்டச்சத்துப் பணத்தை 2024 நவம்பரில் 1000 ஆக்கினார்கள், நல்லது. ஆனால் இருமுகிறான் என்று வேலையை விட்டு நிறுத்தினால் எந்தச் சட்டத்தைக் காட்டுவது? தொழுநோய்க்கு நேர்ந்தது இதைவிட மோசம். தொழுநோய் உள்ளவர் நகராட்சிப் பதவியில் இருக்கத் தகுதியில்லை என்ற ஒடிசா சட்டப்பிரிவை 2008-ல் உச்ச நீதிமன்றமே சரி என்று சொன்னது. மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவரை ஒரு நோய் பதவியிலிருந்து இறக்கிவிட்டது. மருந்தால் முழுக்கக் குணமாகும் நோய் அது.

குறைதீர்ப்பாளருக்கு இந்த வாரம் பக்கம் போதவில்லை. ஆகவே அடுத்த வாரம் அவரேதான். அதற்குள் ஒன்று. மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் புகார் போனால் 30 நாட்களுக்குள் உத்தரவு தர வேண்டும். சிகிச்சை மறுப்பு போன்ற அவசரம் என்றால் 24 மணி நேரத்துக்குள். இதுபோக, நூறு பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனமும், மருத்துவமனை என்றால் இருபது பேர் இருந்தாலே, தனக்குள் ஒரு புகார் அதிகாரியை வைத்தாக வேண்டும். சானடோரியம் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் 1984-ல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் இருக்கிறது. நூறு பேரைத் தாண்டிய கம்பெனிகள் அதற்குள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஷிப்டுக்குப் போகும் வாசகர்கள் தங்கள் கம்பெனியின் புகார் அதிகாரி யார், அவர் பெயர் அறிவிப்புப் பலகையில் இருக்கிறதா என்று திங்கட்கிழமை பார்த்துவிட்டு, வியாழனுக்குள் எழுதுங்கள். உங்கள் பெயரைப் போட மாட்டேன்.